அச்சில் திரும்பிய சங்கு



திருப்பதி மலைமேல் நின்றருளும் பெருமாளின் மேற்கைகள் இரண்டனுள் வலக்கையில் சக்கரமும் இடக்கையில் சங்கும் விளங்குவதை நாம் அறிவோம். அவ்விரண்டையும் ஒரு கண்ணாடியின் முன் காட்டுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சக்கரம் கண்ணாடிக்குள்ளும் அதே சக்கரந்தான். ஆரமும் வட்டமும் சிறிதும் மாறா. சங்கோ அப்படிப்பட்டதன்று. கண்ணாடிக்குள் தெரிவது வேறொரு சங்கு. இங்கே ஒரு பக்கம் சுழலும் புரி அங்கே மறுபக்கம் சுழலும். நம் கையிலுள்ள சங்கை எப்படிப் புரட்டினாலும் கண்ணாடியில் உள்ள சங்கோடு அதனைப் பொருத்திவிட முடியாது. வலக்காற் செருப்பை எத்தனை முறை திருப்பினாலும் அஃது இடக்காலுக்குச் சேராதது போல.

அச்சுக்கலையும் ஒருவகைக் கண்ணாடியே. கட்டையிலோ செம்பிலோ கல்லிலோ எழுதியது தாளில் பதியும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும். ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் செப்புத்தகட்டில் படம் வெட்டி அச்சிட்டவர்கள் கடற்சங்குகளை விரும்பி வரைந்தார்கள். அப்படங்களில் சங்கு எப்பக்கம் திரும்பிற்று என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். தொலைநாட்டுச் செய்தியாகத் தோன்றினும், சங்கைக் கையில் ஏந்தியவரை வழிபடும் ஊரிலிருந்து பார்க்கும்போது இஃது அத்துணைத் தொலைவில் இல்லை.

நாம் சித்தூர்ச் சீமையைச் சேர்ந்தவர்கள். 1911இல் உருவான அம்மாவட்டம் 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. 1960இல் திருத்தணி மட்டும் சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆகவே சித்தூர்த் தமிழர் பலர் வீட்டுத் திண்ணையைவிட்டு இறங்காமலே வெளிமாநிலத் தமிழராகிவிட்டவர்கள். தில்லியிலும் கொல்கத்தாவிலும் மும்பையிலும் வாழும் நேயர்களோ உண்மையாகவே பயணம் செய்து சென்றவர்கள். இவ்விரு சாராருக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஊரிலுள்ள தெய்வத்தையும் கோயிலையும் நாள்தோறும் நேரில் காண இயலாதவர்கள் அச்சிட்ட படத்தையே காண்கிறார்கள். படம் மெய்யாக இருக்க வேண்டும் என்னும் கவலை அவர்களுக்குத்தான் மிகுதி.

இனி ஆம்ஸ்டர்டாம் நகருக்குச் செல்வோம். ஆண்டு 1650. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கி 48 ஆண்டுகள் ஆகிவிட்டன. மிளகும் கிராம்பும் சாதிக்காயும் ஏற்றிவந்த கப்பல்களில் மாலுமிகள் வண்ணச் சங்குகளையும் கொண்டுவந்தார்கள். நகரத்துச் செல்வர்கள் அவற்றை விலை கொடுத்து வாங்கிப் பேழைகளில் அடுக்கி வைத்தார்கள். பூ வாடும், பழம் அழுகும், பறவையின் இறகைப் பூச்சி அரிக்கும். சங்கு மட்டும் வந்தபடியே இருக்கும். அரும்பொருள் சேர்ப்போர்க்கு இதனினும் ஏற்ற பொருள் வேறு யாது?

அந்நகரில் வாழ்ந்த ரெம்பிராண்ட் என்னும் பேரோவியரும் சங்கு சேர்த்தவரே. கடன்பட்டு நொடித்த நிலையில் 1656இல் அவருடைய வீட்டுப் பொருள்களைப் பட்டியலிட்டபோது, சங்குகளும் கடல்தாவரங்களும் பெருந்தொகையாக அதில் இடம்பெற்றன. அவர் 1650இல் ஒரே ஒரு சங்கை எடுத்துச் செப்புத்தகட்டில் வரைந்து அச்சிட்டார். படம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரமும் 13 சென்டிமீட்டர் அகலமுமே உடையது; ஒரு அஞ்சலட்டையின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். இருண்ட பின்னணியில் கூம்பு வடிவான ஒரு சங்கு பக்கவாட்டில் கிடக்கிறது. அதன் கரிய மேனியெங்கும் வெண்ணிற முக்கோணப் புள்ளிகள். அடியில் நிழல். வேறொன்றும் இல்லை. ஆளில்லாத, ஊரில்லாத பொருட்காட்சி ஒன்றை மட்டும் அவர் செப்புத்தகட்டில் எழுதியது இந்த ஒரு முறைதான்.

முதலில் பின்னணியை வெறுமையாக விட்டே அவர் சில படிகள் எடுத்தார். பின்னர் அதே தகட்டில் கோடுகளை நெருக்கி இழைத்துப் பின்னணியை இருட்டாக்கினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெள்ளைத் தாளில் வெறும் மாதிரிப் பொருளாகக் கிடந்த சங்கு இருட்டின் நடுவே எடை பெற்று அமர்ந்துவிட்டதை உணரலாம். வண்ணமே இன்றி, கோட்டையும் புள்ளியையும் மட்டும் கொண்டு, மெருகேறிய ஓட்டின் வழவழப்பைக் கண்ணுக்குக் காட்டியிருக்கிறார். இந்தச் சிறு படத்தை அவருடைய பெரிய வண்ண ஓவியங்கள் சிலவற்றுக்கு மேலாகவே நாம் வைப்போம்.

அச்சங்கு கீழைக்கடல்களில் வாழ்வது. பளிங்கு வரிகள் போன்ற மேனி உடைமையால் பின்னாளில், 1758இல், லின்னேயஸ் அதற்குப் பளிங்கைக் குறிக்கும் இலத்தீன் பெயரையே இட்டார். அழகுக்குள் நஞ்சும் உண்டு. இவ்வினத்தைச் சேர்ந்த உயிர்கள் கூரிய முள்ளொன்றை எய்து இரையைக் கொல்லும். பண்டா தீவில் இத்தகைய சங்கொன்றைக் கையில் பிடித்த அடிமைப்பெண் ஒருத்தி இறந்த செய்தி 1705இல் வெளிவந்த ஒரு நூலில் பதிவாகியிருக்கிறது. அந்நூலுக்குப் பின்னர் வருவோம்.

படத்தின் கீழ்ப்பகுதியில் ஓவியரின் பெயரும் 1650 என்னும் ஆண்டும் உள்ளன. நேராகப் படிக்க வருகின்றன. அச்சில் நேராக வரவேண்டுமாயின் தகட்டில் அவற்றைத் தலைகீழ் வரிசையில், இடவலம் மாற்றி எழுதியிருக்க வேண்டும். ரெம்பிராண்ட் அவ்வாறே பொறுமையாக எழுதியிருக்கிறார். சங்கையோ கண்ணில் கண்டபடியே தகட்டில் எழுதிவிட்டார். ஆதலால் தாளில் அது புரண்டுவிட்டது. அவ்வினத்துச் சங்கு இயல்பில் எப்பக்கம் சுழலுமோ அதற்கு நேர்மாறாகச் சுழல்கிறது. பெயர் மெய், ஆண்டு மெய், சங்கு மட்டும் கண்ணாடிச் சங்கு.

இது நிகழும் வகையைச் சற்று விளக்குவோம். செப்புத்தகட்டின் மேல் மெழுகு கலந்த பூச்சொன்றை மெல்லியதாகப் பரப்புவார்கள். அது இறுகியபின் கூரிய ஊசியால் அப்பூச்சின்மேல் படம் எழுதுவார்கள். ஊசி சென்ற இடமெல்லாம் பூச்சு விலகிச் செம்பு வெளித்தெரியும். பின்னர்த் தகட்டை அமிலத்தில் இட, வெளித்தெரிந்த கோடுகளை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பூச்சைத் துடைத்துவிட்டு மையைத் தடவி, மேற்பரப்பிலுள்ள மையை வழித்தெடுத்தால், பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்தால் பள்ளத்து மை தாளுக்கு ஏறிவிடும். தகடும் தாளும் முகத்தோடு முகம் பார்த்தே பொருந்துவதால், தகட்டின் இடம் தாளின் வலம் ஆகின்றது.

இதனைத் தடுக்க வழியில்லாமல் இல்லை. வரையவேண்டிய பொருளைக் கண்ணாடியில் பார்த்து வரையலாம். மெல்லிய தாளில் வரைந்து, அத்தாளைக் கவிழ்த்துத் தகட்டில் படியெடுக்கலாம். இவையெல்லாம் அக்காலத்துச் செதுக்கர்கள் நன்கறிந்த உத்திகள். பெயரைத் திருப்பி எழுதத் தெரிந்த ஒருவர்க்குச் சங்கைத் திருப்பி எழுதத் தெரியாது என்று யாரும் சொல்லார். அப்படியாயின் ஏன் எழுதவில்லை?

நமக்குத் தோன்றும் விடை இது. எழுத்துப் புரண்டால் படம் வாங்குபவர் ஒவ்வொருவரும் கண்டுகொள்வர். சங்கு புரண்டால் ஆம்ஸ்டர்டாம் கடைத்தெருவில் கண்டுகொள்வார் அரியர். பார்ப்பவர் எதைப் படிக்க வல்லவரோ அதில்தான் வரைபவர் கவனம் செலுத்துவார். அந்நகரத்தார் எழுத்தைப் படிக்க வல்லவர்கள். சங்கைப் படிக்க வல்லவர்கள் வேறொரு கடற்கரையில் இருந்தார்கள்.

தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்போர்க்கு இடம்புரி, வலம்புரி என்னும் வேறுபாடு உயிர்நாடி போன்றது. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சங்குகளுள் ஏறத்தாழ அனைத்தும் இடம்புரியே. இலட்சக்கணக்கில் எடுத்தாலும் வலம்புரி கிடைப்பது அருமை. கிடைத்தால் அதன் விலையே வேறு, அதற்குரிய மதிப்பே வேறு. ஆழத்திலிருந்து மேலேறிய ஒருவர் கையில் உள்ள சங்கு எப்பக்கம் சுழல்கிறது என்பதை மூச்சு வாங்கும் முன்பே பார்ப்பார் என்று சொன்னால் அது மிகையாகாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அது சுவையானதும்கூட. விலங்கியலார் சங்கின் சுருள்முனையை மேலாகவும் அதன் வாய் தம்மை நோக்குமாறும் பிடித்துப் பார்ப்பர். வாய் வலப்பக்கம் அமைந்தால் அதனை வலச்சுழி என்பர். நம் மரபோ ஊதுபவர் பிடிக்கும் முறையைத் தழுவியது. சுருள்முனை நம் பக்கமும், நீண்டு குறுகிய மறுமுனை அப்பாலும் இருக்க, வாய் மேல்நோக்கி இருக்குமாறு பிடித்துப் பாருங்கள். அதே சங்கின் வாய் இப்போது இடப்பக்கம் வந்துவிடும். ஆகவே விலங்கியலார்க்கு வலச்சுழியாக உள்ளது நமக்கு இடம்புரி. அவர்க்கு இடச்சுழியாக உள்ளது நமக்கு வலம்புரி. அறிவியல் நூலொன்றில் இடச்சுழிச் சங்கு என்று வருவதைக் கண்டு, அகராதியை நம்பி இடம்புரி என்று பெயர்த்து எழுதினால், பல்லாயிரம் ரூபாய் பெறும் பொருள் ஒரு சொல்லில் சில நூறு ரூபாய்ப் பொருளாகிவிடும். சொல் சரி, பொருள் புரண்டுவிட்டது. அச்சுத்தகட்டில் நிகழ்ந்ததே ஏட்டிலும் நிகழ்கிறது.

இம்மரபின்படி பார்த்தால் ரெம்பிராண்டின் படத்தில் உள்ளது ஒரு வலம்புரி. கடலில் பிறந்த இடம்புரி ஆம்ஸ்டர்டாம் அச்சுப்பொறியில் வலம்புரியாயிற்று. அவர் அந்தப் படத்தில் எத்தனை படிகள் எடுத்தாரோ அத்தனை வலம்புரிகள்!

இவ்வாறு செய்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். அவருக்குச் சற்று முன்னர், பிராகா நகரில் 1607இல் பிறந்து இங்கிலாந்தில் தொழில் புரிந்த வென்சஸ்லாஸ் ஹாலர் என்பவர், 38 சங்குகளைத் தனித்தனித் தாளில் செப்புத்தகட்டு அச்சாக வெளியிட்டார். ஒரு தாளுக்கு ஒரு சங்கு. விளக்கம் ஒன்றும் இல்லை. அவ்வரிசையே ரெம்பிராண்டைத் தூண்டியிருக்கலாம் என்று கலை வரலாற்றார் கருதுகின்றனர். ரோமாபுரியில் 1681இல் பிலிப்போ புவனானி என்னும் இயேசு சபைத் துறவியார் சங்குகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். கண்ணுக்கும் மனத்துக்கும் விருந்து என்பது அதன் பெயரின் கருத்து. அதன் படங்களிலும் சங்குகள் புரண்டே காணப்படுகின்றன. ஓவியர் ஒருவர் தம் மகிழ்ச்சிக்காக எழுதிய படத்தில் இது பெரிதன்று. சங்கை அறிவிப்பதற்காகவே எழுந்த நூலில் சங்கு புரள்வது பெரிதே. அந்நூல் ஒன்றையே கண்டு சங்கை அறிந்த ஒருவர், நேரில் ஒரு சங்கைக் கண்டால் அது வேறினம் என்றன்றோ எண்ணுவார்? லின்னேயஸ் சங்கினங்களுக்குப் பெயரிட்டபோது இத்தகைய பழைய நூற்படங்களையே சான்றாக எடுத்துக் காட்டிச் சென்றார் என்பதை நினைத்தால், படத்தின் பொறுப்பு எத்துணை என்பது விளங்கும்.

இங்கிலாந்தில் மார்ட்டின் லிஸ்டர் என்னும் மருத்துவர் 1685 முதல் 1692 வரை வெளியிட்ட சங்கு நூலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படத்தகடுகள் உள்ளன. அவற்றை வரைந்தும் செதுக்கியும் தந்தவர்கள் அவருடைய பெண்மக்கள் சூசன்னாவும் அன்னாவும். நூல் தொடங்கியபோது இருவருக்கும் பதினைந்து வயது அளவே. வெளியாரை அமர்த்தினால் செலவும் மிகும், சொன்னபடி வரையவும் மாட்டார் என்று தந்தையார் எண்ணினார் போலும். அப்பெண்கள் பயன்படுத்திய செப்புத்தகடுகள் பல ஆக்ஸ்போர்டில் இன்றும் காக்கப்படுகின்றன.

முன்னர்ச் சுட்டிய 1705ஆம் ஆண்டு நூல் ரும்பியஸ் என்பார் எழுதியது. அவர் வரலாறு கேட்போர் நெஞ்சை உருக்கும். ஜெர்மானிய நாட்டில் 1627இல் பிறந்து, டச்சுக் கம்பெனியின் ஊழியராய்க் கீழைக்கடலிலுள்ள அம்போன் தீவுக்கு வந்து, வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிவிட்டவர். தீவின் செடிகொடிகளையும் சங்குகளையும் ஆராய்ந்து எழுதிவந்த அவருக்கு 1670இல் இரு கண்களும் மறைந்தன. 1674இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் மனைவியும் மகளும் மாண்டனர். 1687இல் நகரத்தைத் தீ எரித்தபோது அவருடைய படங்கள் சாம்பலாயின. அருமையாகச் சேர்த்த சங்குகளை அதற்கு முன்பே, 1682இல், டஸ்கனி நாட்டு மன்னருக்கு அவர் விற்கவேண்டி வந்தது. இத்தனைக்கும் பின்னர் அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுத, நூல் முடிந்தது. 1702இல் அவர் மறைந்தார். மூன்றாண்டு கழித்து நூல் ஆம்ஸ்டர்டாமில் 60 படத்தகடுகளோடு வெளிவந்தது. படங்களுள் பலவற்றை மரியா சிபில்லா மெரியன் என்னும் அம்மையார் வரைந்தார். அம்போனிலிருந்து வந்த படங்கள் போதாமையால், ஆலந்து நாட்டுச் செல்வர்களின் பேழையில் இருந்த சங்குகளைப் பார்த்து வரைய நேர்ந்தது. எழுதியவர் படத்தைக் காணவில்லை. படம் வரைந்தவர் அக்கடலைக் காணவில்லை. ஆயினும் சங்கினத்தைப் பற்றி அதுவரை வந்த நூல்களில் அதற்கு நிகரானது இல்லை. கண்ணிழந்தவர் கைவிரலால் சங்கின் புரியைத் தடவி உணர்ந்திருப்பார். விரலுக்கு இடமும் வலமும் புரளுவதில்லை.

அடுத்த நூற்றாண்டில் சங்கு நூல்கள் பெருகவே, படத்தைத் திருப்பி வரைந்து நேராக அச்சிடும் வழக்கம் மெல்ல மெல்ல நிலைபெற்றது. சங்கைப் படிக்க வல்லவர்கள் அந்நாடுகளிலும் தோன்றிவிட்டார்கள் என்பதே அதன் பொருள்.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். தமிழ் எழுத்தில் முதன்முதல் அச்சான நூல்களுள் ஒன்றாகிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அது யாருக்காக அச்சிடப்பட்டது? முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக. அதாவது, முத்தும் சங்கும் எடுக்கக் கடலில் மூழ்கிய மக்களே தமிழ் அச்சின் முதல் வாசகர்கள். சங்கைப் படிக்க வல்லவர் கையில் அச்சு நூலும் வந்து சேர்ந்தது. அவர்களிடம் யாரேனும் ரெம்பிராண்டின் படத்தைக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பது இன்பமாக இருக்கிறது. டச்சுக் கம்பெனி 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றி, சங்கு வாணிகத்தையும் தன் வசப்படுத்திக்கொண்டது. அச்சங்குகள் வங்காளத்திற்குச் சென்று அறுக்கப்பட்டு வளையல்களாயின. கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் வங்கப் பெண்டிர் கையில் நாள்தோறும் காணும் வெண்சங்கு வளையலுக்கு மூலம் நம் கடலே. வளையமாக அறுத்தபின் இடம்புரி ஏது, வலம்புரி ஏது! சங்கு தன் திசையை இழந்து சக்கரத்தைப் போலாகிவிடுகிறது.

திருப்பதிப் பக்கத்தில் அச்சு என்பது தாளுக்கு முன்பே பொன்னில் வழங்கியது. சந்திரகிரியில் அரசிருக்கை கொண்டிருந்த வேங்கடபதி தேவராயர் 1586 முதல் 1614 வரை ஆண்டவர். அவர் வெளியிட்ட வராகனில் ஒரு பக்கம் தோரணத்தின் கீழ் வேங்கடேசப் பெருமாள் நிற்கின்றார். மறுபக்கம் பெருமாளுக்கு வணக்கம் சொல்லும் நாகரி எழுத்து. சுண்டுவிரல் நகத்தளவுப் பொன்னில் நான்கு கைகளையும் ஆயுதங்களையும் வைத்து வெட்டிய கம்மியர், அச்சிரும்பில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றியே வெட்டியிருக்க வேண்டும். எழுத்தை மட்டும் மாற்றி, சங்கை மறந்துவிட்டால், பெருமாளின் இடக்கையிலுள்ள சங்கு வலக்கைக்குப் போய்விடும். ஆம்ஸ்டர்டாமில் எளிதாய்க் கடந்துபோன பிழை சந்திரகிரியில் கடந்துபோகாது. 1598இல் அவ்வரசவைக்கு வந்த இயேசு சபையினர் வழியே ஐரோப்பிய ஓவியமும் அங்கே அறிமுகமாயிற்று. சங்கைப் பார்க்கும் கண் மட்டும் இம்மண்ணினுடையது.

கை மாறினால் என்ன என்று கேட்கலாம். சங்கு, சக்கரம், கதை, தாமரை என்னும் நான்கையும் நான்கு கைகளில் மாற்றி மாற்றி வைத்தால் 24 வகை அமைப்புகள் கிடைக்கும். அவ்வொவ்வொன்றும் திருமாலின் ஒவ்வொரு திருநாமத்திற்கு உரியது. கேசவன், நாராயணன், மாதவன் என்று பெயர் வேறுபடுவது கை வரிசையால். படத்தைக் கண்ணாடியில் காட்டினால் பெருமாள் வேறு திருநாமத்துக்கு உரியவர் ஆகிவிடுகிறார். திருக்கோவலூரில் உலகளந்த பெருமாள் வலக்கையில் சங்கும் இடக்கையில் சக்கரமும் ஏந்தி நிற்கின்றார். அது அத்தலத்திற்கே உரிய சிறப்பு. திருப்பதிப் பெருமாள் படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டுவிட்டால் கோவலூர்ச் சிறப்பைத் திருமலைக்கு ஏற்றியதாகும்!

வைணவர் தோளில் இடும் முத்திரையையும் இங்கே நினைக்கலாம். சூடேற்றிய சக்கர அச்சை வலத்தோளிலும் சங்கின் அச்சை இடத்தோளிலும் ஒற்றுவார்கள். உலோகத்தில் வெட்டியது தோலில் பதிகிறது. இதுவும் ஓர் அச்சுக்கலையே. சக்கர அச்சை வெட்டுபவருக்குக் கவலை இல்லை. எப்படி வெட்டினாலும் அப்படியே பதியும். சங்கின் அச்சை வெட்டுபவரே கருத்தோடிருக்க வேண்டும். இதற்கு மாறாக, திருக்காளத்தியில் துணியின்மேல் மூங்கில் எழுதுகோலால் கலம்காரி ஓவியம் எழுதுவோர்க்கு இத்தொல்லையே இல்லை. அவர்கள் எழுதியதே படம். நடுவில் தகடும் இல்லை, கட்டையும் இல்லை. மசூலிப்பட்டினத்து வழக்கப்படி மரக்கட்டையால் ஒற்றும் கலம்காரியிலோ கட்டை செதுக்குபவர் கண்ணாடிக் கணக்கை மறவாதிருக்க வேண்டும்.

1894இல் பம்பாயில் தொடங்கிய இரவிவர்மா அச்சகத்திலிருந்து தெய்வப்படங்கள் நாடெங்கும் பரவின. அவை கல்லச்சு முறையில் அமைந்தவை. ஓவியத்தைப் பல கற்களில், நிறத்துக்கு ஒரு கல்லாக, இடவலம் மாற்றி எழுதினால்தான் தாளில் சங்கு உரிய கையில் வந்து சேரும். பின்னர் வந்த ஆஃப்செட் முறை இத்தொல்லையைத் தீர்த்தது. சிவகாசியிலிருந்து நம் வீடுகளுக்கு வரும் நாட்காட்டிப் படங்கள் அம்முறையில் அச்சாகின்றன. அதில் தகட்டிலுள்ள படம் முதலில் ரப்பர் உருளையில் பதிந்து, அவ்வுருளையிலிருந்து தாளில் பதியும். ஒருமுறை புரண்டது மறுமுறையும் புரண்டு நேராகிவிடுகிறது. தகட்டில் எழுதியதை இன்று யாரும் கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டுவதில்லை. ஆனால் கணினியில் ஒரு விசையைத் தட்டினால் படம் கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்பிவிடும் காலம் இது. பக்கத்தின் அழகுக்காகப் பெருமாளைத் திருப்பிவிடும் வடிவமைப்பாளர் எங்கேனும் ஒருவர் இருக்கக்கூடும்.

சங்கின் திசையை அறிவதால் கைப்பொருளுக்கும் காப்பு உண்டு. வலம்புரிச் சங்கு என்று இன்று கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படுவனவற்றுள் பல, நம் கடலைக் கண்டறியாதவை. அமெரிக்கக் கரையோரத்தில், மெக்சிகோ வளைகுடாப் பக்கத்தில், இயல்பாகவே அப்பக்கம் சுழலும் வேறோர் இனம் உண்டு. அங்கே அது மலிவானது. இங்கே அரியதெனப் பெயர் பெற்று விலையேறுகிறது. படத்தில் பார்த்தால் திசை பொருந்தும். ஆகவே படத்தை நம்பி வாங்குவோர் ஏமாறுவர். வேறுபாடு உள்ளே இருக்கிறது. நம் கடற்சங்கின் வாய்க்குள் பார்த்தால், நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரிசையாக எழுந்து நிற்கும். அமெரிக்கச் சங்கின் நடுத்தண்டு மடிப்பின்றி வழவழப்பாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிடில் விரலை விட்டுத் தடவினாலே போதும்.

ரெம்பிராண்டின் படம் ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் உள்ள அருங்காட்சியகங்களில் இருக்கிறது; அவற்றின் இணையப் பக்கங்களில் யாவரும் பெரிதாக்கிப் பார்க்கலாம். பார்க்கும்போது ஒரு சிறு கண்ணாடியையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். திரைக்கு எதிரே அதைப் பிடித்தால், 1650இல் அவருடைய மேசைமேல் கிடந்த சங்கு எப்படி இருந்ததோ அப்படியே, உரிய பக்கம் சுழன்று, கண்ணாடிக்குள் தெரியும். அப்போது அவர் பெயரைத்தான் படிக்க முடியாது.